மாப்பிள்ளை வண்டிக்கு வேர்த்த கதை

மஞ்சுமேட்டுக்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று அவர்கள் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் புரியப் போவதில்லை, அதனால்தான்.

அந்த மலையூரில் கார் வைத்திருந்தவன் மாதேசன் ஒருவன். பழைய வெள்ளை அம்பாசடர். ஓட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் மூன்று பேர் ஏறிக் கதவைச் சாத்தினால் போதும், கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வேர்த்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிடும்.

போன வாரம் வந்த வினையும் இதனால்தான். அடிவாரத்துத் தோப்பூருக்குச் செவ்வந்தியைப் பெண் பார்க்கப் போனவர்கள், வெளியே ஒன்றும் தெரியாமல் குத்துமதிப்பாக ஒரு பந்தல் முன்னால் இறங்கினார்கள். புளியோதரை, தயிர்சாதம் எல்லாம் ஒரு பிடி பிடித்தார்கள். மாப்பிள்ளை மாதேசன் வெட்கத்தில் இலையை விட்டுத் தலையே நிமிரவில்லை. "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அது வளைகாப்பு வீடு. பெண்ணின் புருஷன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

செவ்வந்தியின் அப்பா அங்கமுத்து ஆள் விட்டார். "வர்ற வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னாடி உப்போட எங்க வாசல்ல நின்னா நிச்சயம். இல்லேன்னா பொண்ணுக்கு வேற இடம் பாத்தாச்சு." மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் உப்பைப் பெண் வீட்டுத் தட்டில் கொட்டினால்தான் அந்தப் பக்கத்தில் நிச்சயம் செல்லும்.

மாதேசன் செவ்வந்தியைச் சந்தையில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான். அவளும் பார்த்தாள், சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமே இல்லை. செருப்பை அவன் கால் மாற்றிப் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள் என்பதை அவனிடம் யார் போய்ச் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலையில் முதல் காரியமாக டவுன் மெக்கானிக்குக்குப் போன் போட்டான். மெக்கானிக் கையில் வேலையோடு மடமடவென்று சொன்னார்: "வண்டிக்குள்ள ஈரமே இருக்கக்கூடாது. ஒரு சாக்ஸ்ல உப்பை நிரப்பி உள்ள வை, ஈரத்தை இழுத்துக்கும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டு ஓட்டு. எல்லாத்துக்கும் காரணம் உங்க மூச்சுதாம்ப்பா!"

உடனே ஆலோசனைச் சபை கூடிற்று. மாதேசன், தாய்மாமன் பொம்மையன், சித்தப்பா மகன் சீரங்கன்.

"கண்ணாடியை இறக்கச் சொல்றாரே, மாமா?"

பொம்மையன் நெடுநேரம் யோசித்தார். "மாப்ளே, நோவு கண்ணாடிக்கு. நோயாளியைக் கதவுக்குள்ள ஒளிச்சு வெச்சா நோவு போயிடுமா?"

கண்ணாடிகளை இன்னும் இறுக்கமாக ஏற்றி வைத்தார்கள்.

பிறகு ஈரத்தைத் தேடினார்கள். குடை வெளியே போயிற்று. மிதியடி போயிற்று. தண்ணீர்ச் சொம்பும் போயிற்று. அப்போது சீரங்கன் கண்டுபிடித்தான்: "அண்ணே, மாமா வாயில வெத்தலை. அதுவும் ஈரந்தானே?" மாமா துப்பினார். நாக்கை நீட்டச் சொல்லித் துண்டால் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்க ஊறியது. "இது ஊத்து மாமா, அடங்காது" என்று மாதேசன் கைவிட்டான்.

சாக்ஸ் மாப்பிள்ளையிடம் மட்டும்தான் இருந்தது. விசேஷத்துக்கென்று வாங்கி, விடிந்ததுமே மாட்டியிருந்தான்.

"கழட்டட்டா மாமா?"

"கழட்டச் சொல்லி அவர் சொன்னாரா?"

சொல்லவில்லைதான். சீர்த்தட்டில் இருந்த உப்பு முழுவதையும் காலைச் சுற்றித் திணித்துக்கொண்டு, நறநறவென்று நடந்துபோய் வண்டியில் உட்கார்ந்தான்.

மிச்சம் இருந்தது மூச்சு. மூன்று பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். முதல் வளைவுக்குள் சீரங்கன் முகம் கத்தரிக்காயாகிவிட்டது. இரண்டாவது வளைவில் மாமா தாங்காமல் மொத்தத்தையும் ஒரேயடியாக விட்டார். கண்ணாடி வெளுத்தது. வண்டி ஒரு தேயிலைச் செடியைப் போய் முட்டி நின்றது.

இறங்கி நின்று மூச்சு வாங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மாதேசன் திரும்பிப் பார்த்தான். திறந்து கிடந்த வண்டியின் கண்ணாடி பளிங்காக மின்னியது.

"மாமா! நாம இல்லேன்னா வேர்க்கல!"

"அப்ப நாம இல்லாமலே போவோம்" என்றார் மாமா.

மலை இறக்கம் என்பதால் தள்ளவேண்டிய பாடு இல்லை, பிடித்து நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. பின்னால் கயிறு கட்டி மாமாவும் சீரங்கனும் முரட்டுக் காளையை இழுப்பது போல இழுத்துக்கொண்டே ஓடினார்கள். மாதேசன் கதவைத் திறந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, மூச்சை மட்டும் மறக்காமல் வெளிப்பக்கம் விட்டுக்கொண்டு, உப்புக் காலோடு கூடவே ஓடினான். "பிடிங்க மாமா! செவ்வந்தி போயிடுவா!"

ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், அங்கமுத்துவின் வாசலில் அம்பாசடர் வந்து நின்றது.

"ஏம்ப்பா இப்படி? வண்டி ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் போன வாரம், மாமா" என்றான் மாதேசன் மூச்சிரைக்க. "இப்பத்தான் சரியாச்சு. கண்ணாடியைப் பாருங்க."

பார்த்த அங்கமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். "இப்படியொரு கண்ணாடி வழியா என் வீட்டை ஒரு தடவை பாக்கணுமே!" என்று உள்ளே ஏறினார். அவர் ஏறினால் பங்காளிகள் சும்மா இருப்பார்களா? இடித்துப் பிடித்து ஒன்பது பேர் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வண்டி உள்ளே பாலாக வெளுத்தது.

இதற்குள் மாதேசன் சாக்ஸைக் கழற்றிச் செவ்வந்தி நீட்டிய தட்டில் உப்பைக் கொட்டியிருந்தான். கார் இருந்த கோலத்தையும் மாப்பிள்ளையின் வெறுங்காலையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். "உப்பை உள்ள வைம்மா" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு தாயிடம் சொன்னாள். "எங்கப்பாவுக்கு இவரை விட்டா வேற மருமகன் அமையாது."

அதற்குள் வண்டிக்குள்ளிருந்து அங்கமுத்துவின் குரல் பதறியது. "ஏய், வெளிய யாருப்பா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரையும் காணோமே? ராகுகாலம் வரப்போவுது! அவங்க வந்ததும் சொல்லுங்க!"

"சரிங்க மாமா, வந்ததும் சொல்றோம்" என்றான் மாதேசன் பணிவாக.

சொன்ன சொல் தவறக்கூடாது அல்லவா? மூன்று பேரும் வண்டி ஓரமாக வரிசையாக நின்று, மலைச்சாலையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.