காழ்ப்புக்குப் பொருள் சொன்ன புலவர்

சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். மாவலூரை ஓர் அரசன் ஆண்டான். ஒருநாள் வழக்கு சொல்ல வந்த ஒருவன், "அவனுக்கு என்மேல் காழ்ப்பு, அரசே" என்றான்.

அரசனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "காழ்ப்பு என்றால் என்ன? சரியாகச் சொல்பவருக்குப் பொற்பூ" என்றான்.

சபைப் புலவர்களில் முதலாமவர், "கோபம்" என்றார். அரசன் தலையசைத்து மறுத்தான். இரண்டாமவர், "பகை" என்றார். அதற்கும் மறுத்தான். மூன்றாவதாகச் சீராளர் எழுந்தார்.

"அரசே, கோபம் வைக்கோல் தீ. எரியும், அணையும். பகைக்கு இரண்டு பேர் வேண்டும். காழ்ப்புக்கு ஒருவர் போதும். மரத்தில் வைரம் பாய்வதுபோல் அது உள்ளேயே இறுகும். வெளியே இலை பச்சையாகத்தான் இருக்கும்."

சபை வியந்தது. "அருமை! ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டும்" என்றான் அரசன்.

பேச்சு வேகத்தில் சீராளர் சொல்லிவிட்டார்: "எயினப்பர்மேல் எனக்குக் காழ்ப்பு."

பக்கத்தில் இருந்த புலவர் எயினப்பர் திடுக்கிட்டார். "என்மேலா? ஏன் அண்ணா?"

"இதே சபையில் என் பாட்டைக் கேட்டுச் சிரித்தீரே! அதனால்தான் உம் மகன் என் மகளைப் பெண் கேட்டு வந்தபோது விரட்டினேன். மலைக்கு அப்பால் யாருக்கோ கட்டிக்கொடுத்தேன். இன்று அவள் முகம் பார்க்கவும் வழியில்லை."

"ஐயோ, அன்று உங்கள் தலைப்பாகைமேல் ஓர் அணில் ஏறி உட்கார்ந்தது, அண்ணா. அதைப் பார்த்துத்தான் சிரித்தேன்."

"நாங்களும்தான் சிரித்தோம்" என்றார்கள் மற்றவர்கள்.

"பொருளும் சரி, எடுத்துக்காட்டும் சரி" என்று அரசன் பொற்பூவைக் கொடுத்தான்.

வீட்டில் சீராளரின் மனைவி நடந்ததைக் கேட்டாள். மகளை நினைத்து நெடுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனியாவது எயினப்பர் வீட்டாரோடு பேசலாமா?" என்றாள்.

"தாராளமாகப் பேசு. பாவம், நல்ல மனிதர்" என்றார் சீராளர். சற்று நேரம் கூரையைப் பார்த்தார். பல்லைக் கடித்தார்.

"ஆனால் அந்த அரசன் இருக்கிறானே! அத்தனை பேர் முன்னால் என்னை எடுத்துக்காட்டு கேட்டான் பார், அதை மட்டும் சாகும்வரை மறக்கமாட்டேன்."

ஆகவே கேட்டவர்களே, காழ்ப்பை வளர்க்கப் பழகியவன் அதன் காரணம் பொய்யென்று தெரிந்தாலும் காழ்ப்பை விடமாட்டான், வேறு ஆளைத்தான் தேடுவான்.