பங்குக்கு வந்த பிக்கப்

தீர்ப்புச் சொல்லப் பிரியப்படுகிறவர்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

காங்கயத்துக்குத் தெற்கே, தேங்காய்ப் பருப்பு காயவைக்கும் களங்கள் நிறைந்த ஊரில் சென்னியப்பன் என்றொருவன் இருந்தான். யாரிடமும் கேட்டு வாங்குவது அவன் ரத்தத்திலேயே கிடையாது. பசித்தால்கூடச் சோறு போடு என்று மனைவியிடம் சொல்ல மாட்டான். தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவன் அப்பாவின் பழைய பிக்கப் வண்டி, அவருக்குக் கண்பார்வை மங்கியதிலிருந்து வேப்பமரத்தடியில் நின்றுகிடந்தது. அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. திருப்பூரில் பிழைக்கும் தம்பி மயில்சாமி ஒருமுறை வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தான். "இதை இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு எடுக்கலாமுல்லண்ணா?"

அந்தச் சிரிப்பு சென்னியப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே வண்டியில் கைவைத்தான். மினுக்கி வைத்து வேடிக்கை காட்டும் எண்ணம் அவனுக்கு இல்லை; தினமும் மூட்டை ஏற்றிப் போய்வர வேண்டும். அதனால் பழையதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று அடம்பிடிக்கவில்லை. பிரேக்கைப் புதிதாக மாற்றினான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பூட்டினான். அடித்தகட்டை அவனே வெட்டி வெல்டிங் வைத்தான். இஞ்சினை மட்டும் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, அதே இஞ்சினை மறுபடி ஏற்றினான். வருஷக்கணக்கில் இழுத்தது வேலை. கடைசியில் வண்டி ஓடியது. அதன்பிறகு களத்துக்கும் மில்லுக்கும் அதில்தான் போய்வந்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் அந்த மனுஷனுக்கு முகமே தெளியும்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகன்கள் திருட்டுத்தனமாக ஓட்டிவிடுவார்கள் என்று, அந்தக் காலத்தில் வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து ரோட்டாரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கட்டைவிரல் அளவுத் துண்டுதான். அது இல்லாவிட்டால் பிளக்குக்குத் தீப்பொறி போகாது, வண்டி எழும்பாது. அதற்காக அவர் பையைத் துழாவி அண்ணனும் தம்பியும் சேர்ந்தே அடிவாங்கியிருக்கிறார்கள்.

அப்பா காலமானார். நிலமும் வீடும் சச்சரவில்லாமல் பிரிந்தன. மிஞ்சியவை ரோட்டோரக் களமும் இந்த வண்டியும். அவர்கள் குடும்பத்து முறைப்படி மூத்தவன் பங்கு பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். சென்னியப்பன் களத்தை ஒரு பங்காகவும் வண்டியை மட்டும் இன்னொரு பங்காகவும் வைத்தான். களத்துக்கு முன்னால் வண்டி கால் தூசு பெறாது. புத்தியுள்ளவன் களத்தைத்தான் எடுப்பான் என்பது அவன் கணக்கு. ஆனாலும் உள்ளுக்குள் பயம்.

"ஏனுங்க, வண்டி எனக்கு வேணும்னு தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க. மாட்டேன்னா சொல்லப்போறாரு?" என்றாள் மனைவி ருக்குமணி.

"நானா? அவங்கிட்டயா?" என்று எழுந்து போனவன், நேரே போய் ரோட்டாரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். ஓடாத வண்டியை எவன் எடுப்பான்?

மறுநாள் காலை சொந்தபந்தமெல்லாம் கூடியது. மயில்சாமி வேப்பமரத்துப் பக்கமிருந்து கடைசியாக வந்தான். விரலில் ஏதோ கருப்பு. இலையைப் பறித்துத் துடைத்துக்கொண்டே வந்தான். சென்னியப்பன் அதைப் பார்த்தான், பெரிதாக நினைக்கவில்லை. பெரியவர்கள் வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். சென்னியப்பன் சாவியைத் திருகினான். இரைந்ததே தவிர எழும்பவில்லை. "இஞ்சின் போயிருச்சுங்க," என்றான்.

"அப்படின்னா வண்டி எனக்கு," என்றான் மயில்சாமி. "களத்தை அண்ணனே வெச்சுக்கட்டும்."

கூட்டம் உருகிப்போனது. "தம்பின்னா இப்படியல்லோ இருக்கோணும்!" என்று தாய்மாமன் கண்ணைத் துடைத்தார். சென்னியப்பன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டான். மயில்சாமி எல்லாரும் பார்க்க அவன் பக்கம் திரும்பினான். "வண்டிக்கு என்னண்ணா கோளாறு? தெரிஞ்சாச் சொல்லுங்க."

இத்தனை பேர் நடுவில் எதைச் சொல்வது? "அதுக்கு ஆயுசு முடிஞ்சுதுடா," என்றான்.

சில நாள் கழித்து மயில்சாமி இரும்புக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மரத்தடியில் சென்னியப்பனோடு சேர்த்து மூவரைத் தவிர ஈ காக்கை இல்லை. கடைக்காரர் கேஸ் கட்டரைப் பற்றவைத்தார். மயில்சாமி அவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு அண்ணனிடம் தனியாக வந்தான். "ஏதாச்சும் சொல்லோணும்னா இப்பச் சொல்லுங்கண்ணா. நீங்களே வெச்சுக்கறதுன்னாலும் சரி."

சென்னியப்பனின் கை பைக்குள் இருந்தது. ரோட்டாரை விரல்கள் இறுகப் பிடித்திருந்தன. "ஒண்ணுமில்ல," என்றான்.

தன் கையால் வெல்டிங் வைத்த தகடு வெட்டுப்பட்டு விழுவதைக் கடைசிவரை நின்று பார்த்தான். அழக்கூட முடியவில்லை. ஓடாத வண்டிக்கு அழுதால் ஏனென்று கேட்பார்கள்.

இப்போது சொல்லுங்கள்: அந்த வண்டியை வெட்டவைத்தது அண்ணனா, தம்பியா?

விடை: தம்பி ஒன்றும் ஏமாளி இல்லை. விரலில் இருந்த கருப்பு, பானெட்டைத் திறந்து பார்த்ததால் வந்தது. ரோட்டார் யார் பையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான், அண்ணனை வாய் திறந்து கேட்கவைக்க வண்டியைக் கேட்டான். கூட்டத்தின் நடுவில் கேள்வி கேட்டது அண்ணனைக் குத்துவதற்கு. அது அவன் குற்றம். ஆனால் மரத்தடியில் தனியாக வந்து கேட்டது, வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு. அப்போது ஒரு வார்த்தை போதும்; அது வரவில்லை. ஆகவே வெட்டவைத்தது அண்ணன்தான். அந்த ரோட்டார் இன்னும் அவனிடம் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து மறு சட்டைக்கு மாற்றிக்கொள்கிறான்.