கம்பியோட மறு நுனி

ஒரு ஊர்ல, ஆத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எனக்கு மறந்துபோச்சு, மாராயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருஷன் இல்லை, செவந்தின்னு ஒரே மக. அந்த மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, "பொன்னுல தாலிக்கொடி இல்லேன்னா மணவறையில உக்காரமாட்டோம்"னுட்டாங்க. மாராயிகிட்ட இருந்த பொன்னெல்லாம் காதுல தொங்கின தண்டட்டி ரெண்டுதான். கழட்டிட்டா. கழட்டி, வெறுங்காது தோள்ல இடிக்க, நகைவேலை செய்யிற ஏகாம்பரத்துகிட்டப் போனா.

அந்த ஊர்ல யோக்கியமான பத்தருங்க நாலு பேர் இருந்தாங்க. போயும் போயும் இவன்கிட்டப் போனா பாரு!

பொன்னை உருக்கி, ஓட்டை ஓட்டையா இருக்கிற இரும்பு அச்சுல விட்டு இழுத்தாத்தான் கம்பி ஆகும். ஏகாம்பரம் அடுப்படியில என்னமோ பண்ணிட்டு வந்து, அச்சுல ஒரு மஞ்சக் கம்பியைக் கோத்து, "ஆத்தா, உம் பொன்னு இதான். இந்த நுனியைப் பிடிச்சுக்க, நான் வெளிய நீட்டிக்கிட்டே போறேன். விட்டியோ, முறிஞ்சிடும்"னான்.

அவளும் பிடிச்சா. காலையில பிடிச்சா, உச்சிவெயில்லயும் பிடிச்சா, பொழுது சாயறப்பவும் பிடிச்சா. கம்பி அப்பப்ப ஆடுது, பத்தர் வேலை பாக்குறார்னு இருந்துட்டா. அப்புறம் பக்கத்துவீட்டுக்காரி ஓடிவந்து, "அடியே, உன் கம்பி கன்னுக்குட்டி கால்ல கட்டியிருக்குடி!"ங்கிறா.

சிரிக்காதீங்க. அவ கம்பியைக் கல்லுல உரசிப் பாத்தா. அதுவும் வெறும் பித்தளை.

ஊரே கூடி, "ஏகாம்பரம் கம்பி நீட்டிட்டான், வீட்டுக்குப் போ"ன்னுது. மாராயி நகரலை. "இது அவன் தாத்தா காலத்து அச்சு. இது இல்லாம அவனுக்குக் கை ஓடாது. வருவான்"னு அச்சுமேலயே உக்காந்துட்டா.

செவ்வாய்க்கிழமை பழைய இரும்பு வாங்குறவன் வந்தான், "அந்த அச்சைக் குடு"ன்னான். "குடுக்கமாட்டேன்"னா. புதன்கிழமை குறி சொல்றவன் வந்தான், "அந்த அச்சைக் குடு"ன்னான். "குடுக்கமாட்டேன்"னா. வேஷம் வேற வேற, கேக்குறது மட்டும் ஒண்ணுங்கிறது அவளுக்கு உறைச்சுது. பித்தளைக் கம்பியில கொஞ்சத்தைக் கல்லுல தேய்ச்சு, அந்தத் தூளைப் பட்டறை வாசப்படியில தூவி வச்சா.

வியாழக்கிழமை தாடிச் சாமியார் ஒருத்தர் வந்தார். "தாயே, அந்த அச்சைத் தானமாக் குடு, உன் மக கல்யாணம் நடக்கும்"னு உக்காந்தவர் கண்ணுல தூள் மினுக்குனு பட்டுது. உடனே விரலை நாக்குல நனைச்சு, ஒத்தி எடுத்து மடியில தட்டிக்கிட்டார். பொன்தூள் சிந்தினா பட்டறையில அப்படித்தான் எடுப்பாங்க. எந்தச் சாமியாராச்சும் எடுப்பாரா? நீங்களே சொல்லுங்க!

மாராயி தாடியைப் பிடிச்சு ஒரு இழு. தாடி கையோட வந்துடுச்சு, உள்ள இருந்தது ஏகாம்பரம். "பித்தளையைக் காட்டி என்னை ஏமாத்துன, இப்ப அதே பித்தளை உன்னை ஏமாத்திடுச்சு பாத்தியா?"

அவன் மடியைப் பிரிச்சா, தண்டட்டி ரெண்டும் முழுசா இருக்கு. அந்தக் கம்பியாலேயே அவன் காலைக் கட்டி, மறு நுனியைக் கையில சுத்திக்கிட்டு, "உக்காரு. இப்ப நீட்டு"ன்னா. ஊரே பாக்க உருக்கினான், இழுத்தான், பின்னினான். முகூர்த்தத்துக்கு முன்னாடி கொடி செவந்தி கழுத்துக்கு வந்துடுச்சு. அதுக்கப்புறம் அவன் எந்தத் தெருவுல போனாலும் கன்னுக்குட்டி கத்துற மாதிரி சின்னப்பிள்ளைங்க கத்துச்சுங்க.

அதுலேர்ந்துதான் சொல்லாம ஓடுறவனைக் கம்பி நீட்டிட்டான்னு சொல்றோம். நீட்டினவன் பேரு நிலைச்சுப்போச்சு. மறு நுனியை விடாமப் பிடிச்சவளை யாரும் சொல்றதில்லை, நான்தான் சொல்றேன். கொடி கழுத்துக்கு, கதை உங்களுக்கு.