முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க் கேபிள்

“விலை ஜாஸ்தியான கேபிள் போட்டா கார்ல பாட்டு சுத்தமாக் கேக்குங்களா டீச்சர்?”

“எந்தப் பாட்டு?”

“பாட்டெல்லாம் கேக்கறதில்லீங்க. ஆறு வருசமா செட்டைத் தொடறதே இல்லை.”

“அப்புறம் எதுக்குக் கேபிள்?”

“ஞாயித்துக்கிழமை பையன் வர்றானுங்க.”

கேட்டவர் நாச்சிமுத்து. வயது அறுபத்துமூன்று. நூற்பாலை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பதில் சொன்னவர் பிலோமினா. வயது முப்பத்துநான்கு. கோவையில் கார்களுக்கு ஸ்டீரியோ பொருத்தும் பட்டறை வைத்திருப்பவர். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர் என்பதால் எல்லோருக்கும் டீச்சர்.

இந்த மாதிரிக் கதைகளில் குருவுக்குத் தாடி இருக்க வேண்டும். இங்கே தாடி சீடருக்கு. மன்னிக்கவும்.

பழைய சீடர்கள் குருவிடம் விறகுச் சுள்ளியோடு போனார்கள். நாச்சிமுத்து ஒரு பெட்டியோடு வந்திருந்தார். உள்ளே கறுப்பு வெல்வெட். அதன்மேல் சுருண்டு படுத்திருந்தது ஒரு கேபிள். ‘ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு’ என்று பெட்டியில் எழுதியிருந்தது. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பாட்டுக்குத் தெரியாதல்லவா, அதனால் கேபிளின்மேல் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள்.

விலை முப்பத்தெட்டாயிரம்.

“நீங்க மாட்ட வேண்டாமுங்க. சொல்லிக் குடுங்க, நானே மாட்டறேன்.”

“ஏன்?”

“பழசை அவன் கையால மாட்டினான்.”

டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ சொன்னார். ஆறு வருடக் கதையைச் சொல்லி முடிக்க நாச்சிமுத்துவுக்கு அந்த ஒரு டீ போதுமாக இருந்தது.

அப்போது கார் புதிது. மகன் தீபன் முதல் சம்பளத்தில் ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினான். ஒரு நாள் முழுக்க டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு தானே பொருத்தினான். மறுநாள் குடும்பத்தோடு பழனிக்குப் புறப்பட்டார்கள்.

பாட்டுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறியது, விட்டால் இறங்கியது. ரீங்காரம் என்று எழுதினால் வண்டு கோபித்துக்கொள்ளும். கீச்சல் என்போம்.

பின்சீட்டில் நாச்சிமுத்துவின் மனைவியுடைய அண்ணன் இருந்தார். “என்ன மாப்ள, பாட்டோட கொசுவும் சேந்து பாடுது?” என்றார்.

“அவரு சிரிச்சதும் எனக்கு மானம் போயிருச்சுங்க. நாலு வருசம் எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங் படிச்சு என்னடா புண்ணியம், ஒரு வயரு ஒழுங்கா மாட்டத் தெரியலைன்னேன். இவனெல்லாம் குடும்பம் நடத்தி விளங்குமான்னும் கேட்டுட்டேன்.”

“அதுக்கு அவர்?”

“ஒண்ணும் சொல்லலீங்க. செட்டை அணைச்சுட்டான்.”

அதன்பிறகு தீபன் அந்தக் காரில் ஏறவில்லை. தன் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்ததே மாமாவின் காரில்தான். சார்ஜாவுக்கு வேலைக்குப் போன அன்று வாடகை வண்டி. அம்மாவிடம் தினமும் பேசுவான். போன் அப்பா கைக்கு வந்தால், “நல்லாருக்கீங்களா? சரி, அம்மாகிட்ட குடுங்க.”

இப்போது மனைவியோடு வருகிறான். நாச்சிமுத்து போனில் மட்டும் பார்த்திருந்த ஒன்றரை வயதுப் பேத்தியும் வருகிறாள்.

“ஏர்போர்ட்டுக்கு நான்தான் போறேன். இந்த வண்டியிலதான். அவன் ஏறோணும். ஏறினதும் பாட்டுப் போடுவேன். அந்தச் சத்தம் வரக்கூடாதுங்க. வந்துதுன்னா முடிஞ்சுது, அப்புறம் ஏழேழு ஜென்மத்துக்கும் ஏற மாட்டான்.”

“கேபிள் மாத்தினா ஏறிடுவாரா?”

“அதுக்குத்தானுங்க முப்பத்தெட்டாயிரம்.”

டீச்சர் அவரை முன்சீட்டில் உட்கார வைத்தார். எஞ்சினை ஓட விட்டு, பின்னால் போய் டிக்கியைத் திறந்தார்.

“இப்ப ஓடுறது பழைய கேபிள். கேட்டுக்கோங்க.”

பாட்டு வந்தது. கீச்சல் வந்தது.

“இருங்க, புதுசை மாட்டறேன்.”

கொஞ்ச நேரம் போனது. பாட்டு வந்தது.

“எப்படி இருக்கு சார்?”

“பரவாயில்லீங்க! சத்தம் பாதி குறைஞ்சிருச்சு. குரலு கூட முன்னால வந்து நிக்குதுங்க. காசு காசுதான்.”

“பின்னால வாங்க.”

வந்தார். கேபிள் வெல்வெட்டில் சுருண்டது சுருண்டபடி கிடந்தது. அம்புக்குறி அவரைக் காட்டிக்கொண்டிருந்தது.

“ஏமாத்திட்டீங்களே டீச்சர்!”

“நான் ஒண்ணுமே பண்ணலையே சார்.”

பிறகு நிஜமாகவே அவரை மாட்டச் சொன்னார். நாச்சிமுத்து அம்புக்குறியைப் பார்த்து, திசை தப்பாமல் மாட்டினார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கீச்சல் ஏறியது. விட்டார். இறங்கியது. செம்பில் ஆக்ஸிஜன் இல்லாததை அது பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

டீச்சர் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழையதையே மாட்டினார். டிக்கியின் விரிப்பைத் தூக்கினார். டார்ச் அடித்தார்.

“ஆம்ப்ளிஃபயர்லேருந்து இந்தக் கறுப்பு வயர் வண்டியோட உடம்புக்குப் போகுது பாருங்க. இதுதான் எர்த். இது வெறும் இரும்பைத் தொடணும். இங்க பெயிண்ட் மேல உக்காந்திருக்கு. அதான் கீச்சுது. கேபிளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.”

“அப்ப பையன் பண்ணின தப்புத்தான்,” என்றார் நாச்சிமுத்து. குரலில் சின்னதாக ஒரு வெற்றி இருந்தது.

டீச்சர் டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்தினார்.

போல்ட்டின் ஓரத்தில் நகத்தின் அகலத்துக்குப் பெயிண்ட் தேய்க்கப்பட்டிருந்தது. தேய்த்த இடத்தில் யாரோ வேறு பெயிண்டைத் தொட்டு மூடியிருந்தார்கள். காரின் சாம்பல் நிறத்தோடு ஒட்டாத ஒரு சாம்பல்.

“சுரண்ட ஆரம்பிச்சிருக்கார். பாதியில நிறுத்திட்டார்.”

நாச்சிமுத்து இன்னும் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

“மேல பெயிண்ட் தொட்டது யாரு?”

“நான்தானுங்க.”

டீச்சர் டார்ச்சை அணைத்தார்.

“டெலிவரி எடுத்து நாலு நாளுங்க. உப்புத்தாளை வெச்சுத் தேச்சுட்டு இருந்தான். எனக்குப் பதறிப் போச்சு. வண்டியச் சுரண்டினா நாளைக்கு விக்கறப்ப எவன்டா வாங்குவான்னு கையத் தட்டி விட்டேன். சுரண்டாம மாட்டறதுன்னா மாட்டு, இல்லைன்னாக் கழட்டி எறின்னேன். சுரண்டலைன்னா சத்தம் வரும்ப்பான்னு என்னமோ சொன்னான்.”

“அப்ப பழனி போறப்போ அவருக்குத் தெரியும்.”

“என்னதுங்க?”

“சத்தம் எதனால வருதுன்னு.”

வெளியே ஒரு பஸ் போனது. அதன் பின்னால் இன்னொன்றும் போனது.

“சொல்லியிருக்கலாமே,” என்றார் நாச்சிமுத்து. “அங்கயே சொல்லியிருக்கலாமே அவன்.”

“மாமா முன்னாடியா?”

டீச்சர் ஓர் உப்புத்தாளைக் கிழித்து அவரிடம் நீட்டினார்.

நாச்சிமுத்து அதை வாங்கினார். போல்ட்டைக் கழற்றினார். தாளை வைத்தார், எடுத்தார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“விக்கப் போறீங்களா சார்?”

“இல்லீங்க. எவனும் கேக்கலை.”

தேய்த்தார். முதலில் அவர் தொட்ட சாம்பல் போனது. பிறகு கம்பெனிச் சாம்பல் போனது. பத்து நிமிடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இரும்பு பளிச்சென்று தெரிந்தது. எர்த்தை அதில் வைத்து முறுக்கினார்.

பாட்டு வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பாட்டு மட்டுமே வந்தது. இன்னும் மிதித்தார். எஞ்சின் அலறியது, பாட்டு அசையவில்லை.

ஆறு வருடத்தில் முதல்முறையாக நாச்சிமுத்து தன் காரில் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டார். பாட்டு நன்றாக இல்லை. ஆனால் சுத்தமாக இருந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

“ஞாயித்துக்கிழமை அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?” என்றார் டீச்சர்.

நாச்சிமுத்து கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். விரல் இடுக்கிலும் துடைத்தார்.

“மருமக கூட இருக்குமுங்க. என் சம்சாரமும் வருவா. எல்லாரையும் வெச்சுட்டுப் பழசைப் பேசினா நல்லா இருக்காது.”

“சரி.”

“நல்ல கேபிளா வாங்கிப் போட்டேன்டா, சரியாயிருச்சுன்னு சொல்லிக்கறேனுங்க.”

டீச்சர் பெட்டியைத் திறந்து கேபிளை எடுத்தார். டிக்கிக்குள் குனிந்து பழையதைக் கழற்றினார். அந்த இடத்தில் இதை மாட்டினார்.

“அதனால ஒண்ணும் மாறாதுன்னீங்களே?”

“பாட்டுல மாறாது.”

விரிப்பை இழுத்து மூடினார். டிக்கியைச் சாத்தினார்.

நாச்சிமுத்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போகவில்லை.

“நம்புவானுங்களா டீச்சர்?”

“நம்ப மாட்டார் சார். ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டார்.”