தேடல் பெட்டியில் குழந்தைவேல்

விட்டுப்போன இடத்துக்குத் திரும்பி வந்து, அங்கே உங்களையே நீங்கள் தேடிப் பார்த்ததுண்டா?

குழந்தைவேல் தேடினார்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்தச் சின்ன அலுவலகம். பேருந்து நிலையங்களில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறதே, அதற்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். குழந்தைவேல் அங்கே பல வருஷம் இருந்தவர். அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டுப் போனார். கூடவே இருந்து கடைசிவரை பார்த்தார். அம்மா போன பிறகு, வீட்டில் கழுவிக் கவிழ்க்க ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான் மிஞ்சின. கல்யாணம் காட்சி என்று ஒன்றும் அவருக்கு அமையவில்லை.

முதலாளி தங்கமான மனுஷர். "ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாரப்பா. சரிப்பட்டா இருந்துக்க. சாயங்காலம் சொல்லு," என்று சொல்லிவிட்டார்.

வந்தார். கதவில் விரல் வைக்கிற பெட்டி, "அனுமதி இல்லை" என்றது. யாரோ திறந்துவிட்டார்கள். உள்ளே பழைய முகம் ஒன்றுகூட இல்லை. பதினோரு மணிக்கு டீ வந்தது. ஆளுக்கொன்று எடுத்தார்கள். தட்டு அவரிடம் வரும்போது வெறும் தட்டு. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, பாவம். இல்லாத ஆளுக்கு யார் டீ சொல்லிவைப்பார்கள்?

புதிதாக வருகிறவர்களை முதல் நாள் கோகிலவாணி பக்கத்தில் உட்கார வைப்பது அங்கே வழக்கம். இவருக்கும் அதே நாற்காலிதான். வாணிக்கு இவரைவிடப் பதினைந்து வயசாவது குறைவு. இவர் போன பிறகு வந்தவள். ஆனால் அந்த அலுவலகத்தில் நிரல் எழுதுகிற கருவியை அவளிடம் கற்காதவர் கிடையாது. கேள்வி கேட்டால் சட்டென்று பதில் சொல்ல மாட்டாள். கீபோர்டைக் கேட்டவர் பக்கம் தள்ளிவிடுவாள்.

"கருவி எல்லாம் மாறிப்போச்சு வாத்தியாரம்மா," என்றார் குழந்தைவேல். "எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?"

"எதையாவது தேடுங்கண்ணா. தேடிப் பழகிட்டா மத்ததெல்லாம் தானா வந்துரும்."

"என்னத்தைத் தேட?"

"உங்களுக்கு வேணுமுங்கறதை."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து அடித்தார். வேல். அந்தக் காலத்தில் தான் எழுதிய ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அப்படித்தான் கையெழுத்துப் போடுவார்.

திரை நிரம்பி வழிந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

வாணி எட்டிப் பார்த்தாள். "அடேங்கப்பா! லெவல்ல இருக்கீங்க, டிராவல்ல இருக்கீங்க, டெவலப்ல இருக்கீங்க. நீங்க இல்லாத இடமே இல்லைங்கண்ணா."

அவரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு முதல் சிரிப்பு அது.

"பெட்டி ஓரத்துல குட்டிக் குட்டியா பொத்தான் இருக்குது பாருங்க. 'முழுச் சொல்' அமுக்குங்க. வேற சொல்லுக்குள்ள ஒட்டிட்டு இருக்கிறதெல்லாம் உதிர்ந்துரும்."

அமுக்கினார். எல்லாம் உதிர்ந்தது. 'முடிவுகள் இல்லை' என்ற ஒரு வரி மட்டும் நின்றது.

குழந்தைவேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் கோப்புத் தலையில இருந்த பேரையெல்லாம் எடுத்துட்டாங்கண்ணா," என்றாள் வாணி. "என் பேரும்தான் போச்சு."

"நீ இங்கதான இருக்கிற அம்மிணி. உனக்கு எதுக்குப் பேரு?"



மதியம் அவர் சோற்றுப் பாத்திரத்தை மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். கீழே ஒரே மேசையைச் சுற்றி எல்லாரும் இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருத்தர் தட்டிலிருந்து ஒருத்தர் எடுத்துக்கொண்டார்கள். மேலே இவருக்கு இடம் தாராளமாக இருந்தது. தயிர்சாதத்தைப் பாதியிலேயே மூடிவிட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "அம்மிணி, ஒண்ணு சொல்லிடறேன். சாயங்காலம் நான் முதலாளிகிட்ட பதில் சொல்லோணும். மாமன் மஞ்சள் மண்டிக்குக் கூப்பிடறாரு. நான் இருந்ததுக்கு இங்க ஒரு தடமாவது இருந்தா இருந்துக்கறேன். இல்லைன்னா அஞ்சு மணிக்குக் கிளம்பிடறேன்."

"அப்ப நல்லாத் தேடுங்க," என்று கீபோர்டை மறுபடி அவர் பக்கம் தள்ளினாள்.

இந்த முறை அவர் 'மூச்சு' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்தார். அவரே எழுதிய ஒரு துண்டு நிரலுக்கு அவரே வைத்த பெயர்.

முடிவுகள் இல்லை.

"பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காதேன்னு சொல்லுங்க."

சொன்னார். முடிவுகள் இல்லை.

"கீழ மூணு புள்ளி இருக்குதல்ல, அதைத் திறங்க."

திறந்தார். 'இங்கே தேடாதே' என்று ஒரு கட்டம் வந்தது. அதற்குள் ஒரு பழைய கோப்புறையின் பெயர் இருந்தது.

"இது யாரு போட்டது?"

"நான்தான் எப்பவோ போட்டேன். குப்பை நிறைய வருதுன்னு. போட்டதையே மறந்துட்டேன். அழிங்க."

அழித்தார். இப்போது மூலைமுடுக்கு எல்லாம் தேடிவிட்டுக் கருவி அமைதியாகச் சொன்னது. முடிவுகள் இல்லை.

குழந்தைவேல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"நீ சொன்ன பொத்தானையெல்லாம் அமுக்கிட்டேன். இருந்தவனைத் தேடினா இல்லைங்குது. அப்ப நான் இருந்தது பொய்யா, அம்மிணி?"

வாணி தேடல் பெட்டியில் இருந்ததை முழுக்க அழித்தாள். காலிப் பெட்டியில் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"அந்த மூச்சு என்ன பண்ணும்?"

"அதைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"சொல்லுங்கண்ணா."

"எங்கம்மாவுக்கு ஒரு காதுதான் கேக்கும். பஸ் ஸ்டாண்டுல 'பயணிகள் கவனத்திற்கு'ன்னு வந்ததும் அந்தக் காதை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பும். அது திருப்பறதுக்குள்ள ஊர் பேரு போயிரும். ஒருக்கா பஸ்ஸை விட்டுட்டு இருட்டற வரைக்கும் உக்கார்ந்திருச்சு. அதுக்கப்புறம்தான், 'கவனத்திற்கு'ன்னு சொன்னதும் கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் ஊர் பேரைச் சொல்ற மாதிரி எழுதினேன். அவ்வளவுதான்."

வாணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். திரும்பிப் பெட்டியின் ஓரத்திலிருந்த கடைசிப் பொத்தானை அமுக்கினாள். புள்ளியும் நட்சத்திரமும் வரைந்த பொத்தான்.

"இது எதுக்கு?"

"பேரு தெரியாம, சாயல் மட்டும் தெரிஞ்சதைத் தேடறதுக்கு. முன்னாடி இது வரோணும், பின்னாடி இது வரோணும், நடுவுல என்ன வேணா இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லலாம். புள்ளி நட்சத்திரம்னா, நடுவுல என்ன வேணாலும்." கீபோர்டைத் தள்ளினாள். "உங்க நிரல்ல முதல்ல என்ன கட்டளை?"

"பொறு."

"அடிங்க. அப்புறம்?"

"புள்ளி நட்சத்திரம்."

"அப்புறம்?"

"பேரைச் சொல்லு."

அடித்தார். விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு தட்டினார்.

ஒரு வரி வந்தது. அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று. திரை விளிம்பு தாண்டியும் போய்க்கொண்டிருந்தன. அவர் போயே இராத ஊர்களின் பேருந்து நிலையங்கள். ஒருத்தர் அதற்கு 'இடைவெளி' என்று பெயர் வைத்திருந்தார். இன்னொருத்தர் 'சித்த நில்லு' என்று. ஓர் ஆஸ்பத்திரிக்கு எழுதிய டோக்கன் அறிவிப்பில்கூட, நோயாளியின் பெயருக்கு முன்னால் அது இருந்தது. 'வேல்' எங்கேயும் இல்லை.

குழந்தைவேல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"இதெல்லாம் யாரு எழுதினது?"

"யாரு யாரோங்கண்ணா. முன்னாடி இருந்தவங்க எழுதினதைப் பார்த்து அடுத்தவங்க எழுதுவாங்க. பாதிப் பேரு இப்ப இங்க இல்லை."

"எதுக்குன்னு தெரிஞ்சா எழுதினாங்க?"

"தெரியாதுங்க. அதை எடுத்துட்டா பேரு காதுல விழறதில்லைன்னு மட்டும் சொல்லுவாங்க."

அவர் வரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனார். சுவர்க்கடிகாரம் நாலரையைத் தாண்டியது. டீ வந்தது. வாணி தன் டம்ளரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கவனிக்கவில்லை. ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க பாரு அம்மிணி. பொறுன்னு சொல்லிட்டு, பொறுக்கிற நேரத்துக்கு சைபர் போட்டிருக்குது. பொறுக்காமயே போயிரும். எந்த ஊர் இது?"

வாணி குனிந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ஆலாம்பட்டிங்க. அங்கிருந்துதான் விடாம போன் வருது, ஊர் பேரு சரியாக் கேக்கலைன்னு. ரெண்டு தடவை ஒலிபெருக்கியை மாத்திக் குடுத்தோம்."

"எழுதினது யாரு?"

"நான்தானுங்க. அவங்க சொன்னதை நம்பாம, சும்மா எதுக்கு நிக்கோணும், வெடுக்குனு சொல்லட்டும்னு சைபர் போட்டேன். போட்டதையே மறந்துட்டேன்."



வாணி எழுந்தாள். அவரை எழுப்பித் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். புதியவர்கள் உட்காருகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரம் பொறுக்கோணும்னு எனக்குத் தெரியலைங்கண்ணா. சொல்லிக் குடுங்க."