பலவேசம் வீட்டுச் சின்னம்

சின்னம் இல்லாததால் பலவேசம் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. கெட்டது அவ்வளவுதான். ஒரு முழத் துணியும் ஒரு கரித்துண்டும் இருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் பலவேசத்துக்கு இரண்டு தம்பிகள் இருந்தார்கள்.

ஊர் தவிட்டுப்பட்டி. வாய்க்கால் தண்ணீருக்காக அங்கே வருஷா வருஷம் மண்டை உடையும். கட்டுப்போட்டுச் சலித்துப்போன ஜமீன்தார் ஓர் உத்தரவு போட்டார். நிலம் வைத்திருக்கிற ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு சின்னம் எழுதின கொடியைத் தன் வயல் தலைமாட்டில் நட வேண்டும். கொடியைப் பார்த்தால் நீர்பாய்ச்சி வண்டிமலை வாய்க்கால் வரப்பை வெட்டித் தண்ணீர் விடுவார். கொடி இல்லாவிட்டால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்.

எல்லோரும் நட்டார்கள். மீன், மயில், அரிவாள், பிறை. ஒருத்தன் பூசணிக்காய் போட்டான். அதற்கும் தண்ணீர் வந்தது.

பலவேசம் மட்டும் முறைப்படி செய்ய வேண்டும் என்றான். தம்பிகள் உச்சிமாகாளியையும் வெயிலுகந்தானையும் கூட்டிக்கொண்டு ஜமீனில் கொடி எழுதுகிறவரிடம் போனான். அவர் அவசர வேலையில் இருந்தார். தலை நிமிராமல் சொன்னார்:

"உங்க வீட்டுப் பெருமை எதுவோ அதை வையுங்க. நிறம் ரெண்டு போதும். மிருகம்னா முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு நிக்கணும், அப்பதான் மிடுக்கு. தூரத்திலிருந்து பார்த்தாத் தெரியணும். முடிவு பண்ணிட்டு வாங்க, துணியில எழுதித் தாரேன்."

கடைசி வார்த்தையை அவர்கள் கேட்கவில்லை. அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

வீட்டில் கூடி உட்கார்ந்தார்கள்.

"நம்ம வீட்டுப் பெருமை எதுலே?" என்றான் பலவேசம்.

"நீங்கதான் அண்ணாச்சி," என்றான் உச்சிமாகாளி.

"நான் பால் கறக்கேனா?"

உச்சிமாகாளி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். "இல்லை."

"அப்ப மூக்காயிதான்."

மூக்காயி அவர்கள் வீட்டு எருமை.

பலவேசத்தின் பெண்டாட்டி இசக்கியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கதிரு பால் பிடிக்கிற நேரம். இப்பத் தண்ணி பாயலைன்னா அத்தனையும் பதரு. குதிருல விதைக்குக்கூட நெல்லு இல்ல. ஒரு துணியில கரியால ஒரு கோடு இழுத்து நட்டுட்டு வாங்களேன்."

"கோடு நம்ம வீட்டுப் பெருமையா மதினி?" என்றான் வெயிலுகந்தான்.

"உங்க மூணு பேருக்கும் அதுவே கூடுதல்," என்று அவள் உள்ளே போனாள்.

மூக்காயியை வயல் தலைமாட்டுக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே அடுத்த சிக்கல்.

"நிறம் ரெண்டு வேணும். இவகிட்ட ஒண்ணுதான இருக்கு."

"கொம்பு?"

"அதுவும் கருப்புதாம்லே."

"நாக்கு?"

"நாக்கை நீட்டிக்கிட்டே நிக்கச் சொன்னா நிப்பாளா? அவளுக்கு மானம் இருக்கு."

பொங்கலுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு ஒரு பானை மிச்சம் இருந்தது. பாதி எருமைக்கு அடிப்பது என்று முடிவாயிற்று. எந்தப் பாதி? முன்பாதி என்றான் ஒருவன், முகம் லட்சணமாக இருக்குமாம். பின்பாதி என்றான் இன்னொருவன், அங்கேதான் இடம் அதிகமாம். உச்சி வெயில் ஏறும் வரை பேசினார்கள். பிறகு பலவேசம் கேட்டான்:

"வண்டிமலை எந்தப் பக்கமிருந்து வருவாரு?"

"கிழக்கேயிருந்து."

"அப்பக் கிழக்குப் பக்கம் வெள்ளை."

அப்படியே அடித்தார்கள். அடித்து முடித்ததும் மூக்காயி திரும்பி நின்றாள். "அண்ணாச்சி, கிழக்கு மேற்கே போயிட்டு," என்றான் வெயிலுகந்தான். அவளைத் திருப்பினார்கள். மறுபடி திரும்பினாள். கொஞ்ச நேரம் இதுவே வேலை.

அடுத்து மிடுக்கு. தம்பிகள் ஆளுக்கு ஒரு முன்னங்காலைப் பிடித்துத் தூக்கினார்கள். உச்சிமாகாளி வாய்க்காலில் விழுந்தான். வெயிலுகந்தான் கள்ளிப் புதரில். எந்தப் பாகம் கள்ளியில் பட்டது என்பதை விடுங்கள்.

"மிடுக்கா இருந்துச்சா அண்ணாச்சி?" என்று வாய்க்காலிலிருந்து குரல் வந்தது.

"இருந்திருக்கும். நீ குறுக்க பறந்து மறைச்சிட்ட."

அந்த நேரம் வண்டிமலை வந்து சேர்ந்தார்.

"கொடி எங்க வே?"

"நிக்குல்லா."

"இது எருமை."

"சின்னம் வே. நிறம் ரெண்டு இருக்கா, எண்ணிப் பாரும்."

வண்டிமலை உத்தரவை மீறாத ஆள். மூக்காயியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கம்பு இல்ல, துணி இல்ல. கம்பும் துணியும் இல்லாமக் கொடி ஏது?" என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீரும் அவர் பின்னாலேயே பூசணிக்காய் வயலுக்குப் போயிற்று.

வீட்டில் இசக்கியம்மாள் ஒரு கதிரைப் பிடுங்கி வந்து புருஷன் உள்ளங்கையில் கசக்கிக் காட்டினாள். பாதி பால், பாதி ஒன்றுமில்லை. "இதைத்தான் வார வருஷம் முழுக்கத் தின்னப் போறோம்," என்றாள். பலவேசம் அன்று சாப்பிடவில்லை. அவனுக்கும் வயிறு உண்டு, பயமும் உண்டு. யோசனைதான் கிடையாது.

"எங்கே பிழைன்னு கண்டுபிடிச்சிட்டேன்," என்றான் காலையில். "தூரத்திலிருந்து தெரியுதான்னு நாம பார்க்கவே இல்லியே."

மூக்காயியை வயலில் நிறுத்திவிட்டு மூவரும் கரட்டு மேட்டில் ஏறினார்கள். பிடித்துக்கொள்ள ஒருத்தன் கீழே நின்றிருக்கலாம். மூவருக்கும் பார்க்க ஆசை. அவர்கள் ஏறி முடிப்பதற்குள் மூக்காயி வீட்டுக்குப் போய்த் தொழுவத்தில் படுத்துவிட்டாள்.

மேலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள்.

"தெரியுதாலே?"

"வயலு தெரியுது. வாய்க்கால் தெரியுது. சின்னம் தெரியல."

"சிறுசா இருக்கு," என்றான் பலவேசம். "பெருசாக்கணும்."

பெரிதாக்கினார்கள். பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு, கழுநீர். தவிடு தீர்ந்ததும் இசக்கியம்மாள் கூழுக்கு வைத்திருந்த கம்பு. மூக்காயி வேண்டாம் என்று சொல்லவில்லை. சில நாளில் தொழுவ வாசலில் இடித்துக்கொண்டு போகிற அளவுக்கு ஆனாள். சுண்ணாம்பை இன்னொரு பூச்சுப் பூசி, நல்ல வெயிலில் மறுபடி வயலுக்கு ஓட்டினார்கள்.

வயல் நிறம் மாறியிருந்தது. வரப்போரம் தோகை நுனி கருக ஆரம்பித்திருந்தது. வண்டிமலை வருவதற்காகக் காத்து நின்றார்கள்.

மூக்காயி காத்து நிற்கவில்லை. வயிறு முட்டத் தின்ற எருமை, முதுகில் சுண்ணாம்பு, மேலே வெயில், பக்கத்தில் வாய்க்கால். இறங்கிப் படுத்தாள்.

குப்பிக்குத் தக்கை அடித்த மாதிரி வாய்க்கால் அடைத்துக்கொண்டது. மேலிருந்து வந்த தண்ணீர் அவள் விலாவில் முட்டியது, ஏறியது, வரப்பைத் தாண்டியது, பலவேசம் வயலில் இறங்கியது.

தம்பிகள் பதறிப்போனார்கள். தண்ணீருக்காக அல்ல.

"அண்ணாச்சி, சின்னம் கரையுது. பிடிங்க வாலை."

வாலைப் பிடித்து இழுத்தார்கள். அப்போதுதான் இசக்கியம்மாள் கஞ்சிக்கலயத்தோடு வந்தாள். வயலைப் பார்த்தாள். வாய்க்காலைப் பார்த்தாள். கலயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கருவேலங்கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"எவன் கையாவது எருமை மேல பட்டுச்சு, அந்தக் கை சோறு திங்காது."

மூவரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

கீழ்வயல்காரர்கள் தண்ணீரைக் காணோம் என்று கத்திக்கொண்டு வந்தார்கள். வண்டிமலையும் ஓடி வந்தார். தள்ளிப் பார்த்தார். மூக்காயி அசை போட்டாள். கொம்பைப் பிடித்துப் பார்த்தார். அவள் ஒரு காதை ஆட்டினாள். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கீழ்வயல்காரர்களைப் பார்த்துச் சொன்னார்: "நான் வெட்டலை. அதுவாப் பாயுது. அதுக்கு உத்தரவு கிடையாது."

வெயில் தணிந்ததும் மூக்காயி தானாக எழுந்தாள். வயல் நிரம்பியிருந்தது. அவள் முழுக்கக் கருப்பாக இருந்தாள்.

சகோதரர்கள் கூடிப் பேசினார்கள். இதற்கு மேல் இசக்கியம்மாள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டாள்.

"உத்தரவு என்னலே? சின்னத்துக்குச் சொந்தக்காரன் எவனோ அவன் வயலுக்குத் தண்ணி."

"ஆமா அண்ணாச்சி."

"நம்ம சின்னம் கரைஞ்சு போச்சு. ஆனா தண்ணி வந்திருக்கு. கொண்டுவந்தது யாரு?"

"மூக்காயி."

"அப்ப வயலு யாரு வயலு?"

நிலம் கைவிட்டுப் போவது லேசான காரியமா. ஆனாலும் நியாயம் நியாயம்தான்.

"மூக்காயி வயலு," என்றான் உச்சிமாகாளி மெதுவாக.

"அவளுக்கு ஒரு சின்னம் வேணுமே," என்றான் வெயிலுகந்தான். "அவளுக்குப் பெருமை எது?"

"அவளைக் குளிப்பாட்டுதது யாரு? புல்லு வைக்கது யாரு?" என்றான் பலவேசம்.

தம்பிகள் இருவரும் பலவேசத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பானையில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது.

அடுத்த முறைத் தண்ணீருக்கு வண்டிமலை வந்தபோது வயல் தலைமாட்டில் பலவேசம் நின்றான். கிழக்குப் பக்கம் வெள்ளை, மேற்குப் பக்கம் சொந்த நிறம். இரண்டு கையும் மேலே தூக்கியபடி மிடுக்கு. ஒரு கையில் கம்பு, கம்பின் நுனியில் அவன் வேட்டி.

வண்டிமலை மேலும் கீழும் பார்த்தார். கம்பு இருக்கிறது. துணி இருக்கிறது. தூரத்திலிருந்தே தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. வரப்பை வெட்டிவிட்டார்.

"சின்னம் சரி," என்றார். "வயலு யாருது?"

பலவேசம் வாய் திறக்கவில்லை. சின்னம் பேசுமா? தம்பிகள்தான் கை காட்டினார்கள். அங்கே வேப்ப மரத்து நிழலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தாள், நிலத்துக்காரி மூக்காயி.