வாடை நின்றபோது

"இந்த வாடை வந்தாலே கை காலெல்லாம் உதறுது மேடம்," என்றார் மாசிலாமணி.

சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். கடலோர எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் புதிது. வேலை கற்றுக்கொடுத்த திலகவதிக்கு அவர் மகள் வயது.

கனமான கச்சா எண்ணெயில் கந்தகம் அதிகம். அதைப் பிரிக்கும்போது அழுகிய முட்டை வாடையோடு ஒரு வாயு கிளம்பும். ஆளைக் கொல்லும்.

"வாடை வந்தா பயப்படுங்கண்ணே. திடீர்னு நின்னா ஓடுங்க," என்றாள் திலகவதி.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார்.

ஒரு மத்தியானம் இருவரும் பம்புகள் பக்கம் போனார்கள். வாடை குப்பென்று அடித்தது. மாசிலாமணி மூக்கைப் பொத்துவதற்குள் இல்லாமல் போயிற்று.

"போயிடுச்சு மேடம்," என்றார் நிம்மதியாக.

திலகவதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காற்று வரும் திசையில் ஓடினாள். காற்று உருளையோடு கூடிய முகக்கவசங்கள் மாட்டியிருந்த சுவரருகே போய்த்தான் நின்றாள். வாடை போகவில்லை, வாயு கூடியதில் மூக்குதான் மரத்துவிட்டது என்று மூச்சிரைக்கச் சொன்னாள்.

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார்.

பம்பருகே ஞானதுரை விழுந்து கிடந்தான். தினமும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அவன் சட்டையில் குத்தியிருந்த வாயுமானி அலறிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி பாய்ந்தார். திலகவதி அவர் காலைத் தட்டிவிட்டாள். குப்புற விழுந்தார்.

"விடுங்க மேடம். அவன் செத்துருவான்."

"மாஸ்க் போடுங்க."

வாக்கிடாக்கியில் ஆள் கேட்டபடியே அவள் தன் கவசத்தை மாட்டினாள். அவரும் ஒன்றை எடுத்து மாட்டினார். கவசத்தின் வார் கொக்கியில் நுழையவில்லை. கண் ஞானதுரையை விட்டு நகரவில்லை. அவன் கால் ஒருமுறை உதைத்துக்கொண்டது. பிறகு அசையவில்லை.

திலகவதி அவருடைய வாரை இறுக்கினாள். முதுகில் மாட்டிய காற்று உருளையைத் திறந்தாள். கவசத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தலையசைத்தாள்.

இருவருமாக இழுத்து வந்தார்கள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஞானதுரைக்கு மூச்சு வந்திருந்தது.

மாசிலாமணி தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, அவன் அப்படிக் கிடக்கும்போது வாரைச் சரிபார்க்க எப்படி மனசு வந்தது என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

திலகவதி இப்போதுதான் தன் கவசத்தைக் கழற்றினாள்.

"நீங்களும் அங்க விழுந்திருந்தா," என்றாள், "யாரை விட்டுட்டு வர்றதுன்னு நான் முடிவு பண்ண வேண்டி வந்திருக்கும்ணே."